காபூல் முனீர்

1920ஆம் வருஷம் ரம்ஜான் பண்டிகை முடிந்த எட்டாம் நாள் ஆம்பூர் ஸ்டேஷனிலிருந்து நான்கு பேர் காபூலுக்கு ரயிலேறினார்கள். வெள்ளைக்காரன் ஆளுகிற மண்ணில் இருப்பது பாவம், முஸ்லிம் ராஜா ஆளுகிற நாட்டுக்குக் குடிபோக வேண்டும் என்று அந்த வருஷம் வடக்கே ஒரு பேச்சு கிளம்பி, ஊர் ஊராகப் பற்றிக்கொண்டு வந்து ஆம்பூரையும் தொட்டிருந்தது. ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. மாலை போட்டார்கள், அத்தர் பூசினார்கள், பெரியவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

நால்வரில் முனீர் அகமதுவும் அவனுடைய தோஸ்த் ரஷீத் அஹமதுவும் தோல் ஷாப்பில் வேலை செய்தவர்கள். தோல் பதனிடுகிற இடத்தை அந்தப் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்வார்கள். முனீரின் தாய்மாமன் அமீர் பாஷாவுக்குப் பாலாற்றங்கரையில் பெரிய ஷாப்பு இருந்தது. தகப்பன் இல்லாத முனீரை அவர்தான் வளர்த்தார். பன்னிரண்டு வயதில் சதை சீவும் கத்தியைக் கையில் கொடுத்தார். இருபத்திரண்டு வயதில் கல்யாணமும் செய்து வைத்தார். கல்யாணமாகி ஏழாம் மாதமே முனீர் காபூலுக்குக் கிளம்பிவிட்டான். மனைவி அஃப்ஸர் ஜஹான் வாசல் வரைகூட வரவில்லை.

"போறதுன்னு முடிவு பண்ணிட்டு வந்து என்னைக் கேக்கறீங்க. அப்புறம் இன்னாத்துக்குக் கேக்கறது?" என்று திரைக்குப் பின்னாலிருந்தே சொன்னாள்.

"அல்லாவுக்காகப் போறேன்."

"அல்லா ஆம்பூர்ல இல்லியா?"

முனீர் மூட்டையைத் தூக்கிக்கொண்டான்.

கூட வந்த மற்ற இருவர் பெஷாவரில் மலையைப் பார்த்ததும் திரும்பிவிட்டார்கள். முனீரும் ரஷீதும் கணவாயைக் கடந்தார்கள். காபூலில் இவர்களைப் போல் ஆயிரக்கணக்கான பேர் வந்து குவிந்து, ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். முதலில் வரவேற்ற அரசாங்கமே பிறகு போதும் போதும் என்று கையை விரித்தது. துருக்கிக்குப் போய்ச் சண்டை போடுவோம் என்று எழுபது பேர் வடக்கே கிளம்பினார்கள். இவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பனிமலையைத் தாண்டி ஆமு நதிக்கு வந்து இரண்டு படகுகளில் ஏறிய மூன்றாம் நாள், ரஷ்யச் செஞ்சேனையோடு சண்டையிலிருந்த உள்ளூர்க் குதிரைக்காரர்கள் கரையில் தோன்றிச் சுட்டார்கள். படகு கரை ஒதுங்கியது.

கையைப் பின்னால் கட்டி, இரண்டிரண்டு பேராகக் கயிற்றில் பிணைத்து, மணலில் ஓட்டினார்கள். நாங்களும் முஸ்லிம்கள்தான் என்று கலிமா சொன்னவர்கள் முதுகில் சாட்டை விழுந்தது. ரஷீதுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டாம் நாள் நடு வெயிலில் அவன் விழுந்தான். ஒரே கயிறு என்பதால் முனீரும் விழுந்தான். ஒரு குதிரைக்காரன் இறங்கி வந்து துப்பாக்கிக் கட்டையால் ரஷீதின் தலையில் அடித்தான். ஓர் அடியில் உயிர் போகவில்லை. நான்கு அடி ஆயிற்று. கயிற்றை அறுக்க அவனுக்குப் பொறுமை இல்லை, குதிரையேறிவிட்டான். சாட்டை முதுகில் விழ விழ, தோஸ்தின் பிணத்தை இழுத்துக்கொண்டு முனீர் நூறு அடி நடந்தான். அதன் பிறகுதான் யாரோ இரக்கப்பட்டுக் கயிற்றை வெட்டிவிட்டார்கள்.

எட்டாம் நாள் செஞ்சேனைச் சிப்பாய்கள் வந்து அந்தக் குதிரைக்காரர்களை விரட்டினார்கள். உயிரோடு மிஞ்சியவர்களைத் தாஷ்கண்டுக்கு ரயிலில் அனுப்பினார்கள். அங்கே இந்தியர்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. மார்க்ஸ் எழுதியதை உருதுவில் விளக்கினார்கள். முனீருக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. ஒரு நாள் ஊர் சுற்றிக் காட்ட ஒரு தோல் ஷாப்புக்குக் கூட்டிப் போனார்கள். வாசலுக்கு இருபது கஜம் இருக்கும்போதே அந்த நாற்றம் வந்தது. ஆம்பூர் நாற்றமேதான். உள்ளே போனால், சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவர்கள் இடுப்பு வரை தோல் பூட்ஸ் போட்டிருந்தார்கள். மூலையில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எத்தனை மணிக்கு வேலையை நிறுத்துவது என்று வேலைக்காரர்களே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து பாடத்தில் அவன் கேட்ட கேள்விகளுக்கு வாத்தியார்களால் பதில் சொல்லி மாளவில்லை.

1922இல் பாமீர் மலை வழியாக நாடு திரும்பினான். பனியில் இடது காலின் மூன்று விரல்கள் போயின. எல்லையில் பிடித்துப் பெஷாவரில் வழக்குப் போட்டு, இரண்டரை வருஷம் கடுங்காவல் கொடுத்தார்கள். 1925ஆம் வருஷம் கோடை தொடங்கும்போது ஆம்பூர் வந்து சேர்ந்தவனை ஊர் காபூல் முனீர் என்று கூப்பிட்டது.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ரஷீதின் தாய் மஹ்பூபியிடம் போனான். காய்ச்சலில் போய்விட்டான் என்று சொல்வதாக வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவன், அந்த முகத்தைப் பார்த்ததும் நடந்ததை நடந்தபடி சொன்னான். நான்கு அடியையும் சொன்னான். மஹ்பூபி எழுந்து வந்து அவனைப் பளாரென்று அறைந்தாள். இன்னொரு கன்னத்திலும் அறைந்தாள்.

"அப்ப நீ மட்டும் இன்னாத்துக்குத் திரும்பி வந்தே?" என்றாள்.

"தெரியலம்மா."

"தெரிஞ்சிக்கினு வந்து சொல்லு."

பல வருஷம் கழித்து, போலீஸ் சோதனை வரும்போதெல்லாம் முனீரின் காகிதங்கள் அவள் வீட்டு அரிசிப் பானையில்தான் இருந்தன.

அமீர் பாஷா மருமகனை மேஸ்திரியாக்கப் பார்த்தார். முனீர் சுண்ணாம்புக் குழியில் வேலை கேட்டான்.

"குழியில இறங்கறது நம்ம வேலை இல்லடா. அதுக்குச் சேரி ஆளுங்க இருக்கறாங்க," என்றார் அவர்.

"ஏன் மாமு அவங்க மட்டும்?"

"பேஜார் பண்ணாதே. எப்பவும் அப்படித்தான்."

முனீர் இறங்கினான். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிய தோலைக் கொக்கியால் இழுத்துக் கரையேற்றுகிற வேலை. இழுக்க இழுக்க முழங்கால் வரை தெறிக்கும். ஒரே வாரத்தில் கால் வெடித்து ரத்தம் கசிந்தது. பக்கத்தில் நின்றவன் சாமிநாதன், சேரிக்காரன், பன்னிரண்டு வருஷம் அதே குழியில் நின்றவன். முனீர் அவனை 'நீங்க' என்று கூப்பிட்டதும் அவன் முகம் சுளித்தான்.

"கிண்டலா பாய்?"

"இல்ல."

"அப்ப வேணாம். மேஸ்திரி காதுல விழுந்தா எனக்குத்தான் ஒதை."

பகல் சாப்பாட்டு நேரத்தில் தோல் பதனிடும் பட்டைக் குவியலின் நிழலில் உட்கார்ந்து முனீர் பேசத் தொடங்கினான். காலையில் இறங்கி உச்சி வரைக்கும் செய்த வேலை உன் வீட்டுச் சோற்றுக்கு ஆயிற்று, அதற்கு மேல் பொழுது சாய்கிற வரைக்கும் செய்தது யாருக்கு என்று கேட்டான். சாமிநாதன் வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னான்.

"இது எனக்குத் தெரியாதா பாய்? எங்க பாட்டனுக்கே தெரியும். தெரிஞ்சி இன்னா பண்றது, அத்தச் சொல்லுங்க."

அந்தக் கேள்விக்குத் தாஷ்கண்டில் யாரும் தயார் செய்து கொடுத்த பதில் இல்லை. முனீர் ஒரு நோட்டு வாங்கி உருதுவில் எழுத ஆரம்பித்தான். குழிக்கு ஏன் ஒரே ஜாதி வருகிறது, சதை சீவ ஏன் இன்னொரு கூட்டம் வருகிறது, இருவரும் ஒரே தோலைத் தொட்டாலும் ஏன் ஒரே பானையில் தண்ணீர் குடிப்பதில்லை என்று பக்கம் பக்கமாக எழுதினான். இயந்திரங்கள் இருக்கும் ஊரில் பசி ஆளைப் பிடித்துக் கொடுக்கிறது, நம் ஊரில் பசிக்குத் துணையாக ஜாதியும் ஆள் பிடித்துக் கொடுக்கிறது என்பது அவன் கண்டது. அஃப்ஸர் ஜஹானுக்கு உருது நன்றாகப் படிக்க வரும். நோட்டு முழுவதையும் படித்துவிட்டு, "தோல்லருந்து எடுத்த ரோமத்தை ஆத்துல அலசற பொம்பளைங்க நூறு பேர் இருக்கறாங்களாமே, அவங்களைப் பத்தி ஒரு வரிகூட இல்லியே?" என்றாள். அதற்கப்புறம் பத்துப் பக்கம் எழுதினான்.

சங்கம் என்ற பேச்சு ஒன்பது வருஷம் பேச்சாகவே இருந்தது. இரண்டு தடவை ஆள் சேர்த்தான், இரண்டு தடவையும் மேஸ்திரிகள் கலைத்தார்கள். ஒரு தடவை ஆற்று மணலில் போட்டு மிதித்ததில் முனீருக்கு ஒரு காது கேட்காமல் போயிற்று. கடைசியில் சங்கத்தைச் சேர்த்தது பேச்சல்ல, 1934இல் நடந்த ஒரு காரியம்.

அந்த வருஷம் வெளிநாட்டு ஆர்டரை முடித்துக் கொடுக்க ஷாப்புகளில் நேரத்தைக் கூட்டியிருந்தார்கள். சித்திரை மாதம், மாலை, பன்னிரண்டாவது மணி நேர வேலை. குழியின் விளிம்பில் நின்று ஒரு கனத்த எருமைத் தோலை இழுத்த சாமிநாதனுக்குக் கொக்கி வழுக்கியது. தலைகுப்புற உள்ளே போனான். முனீர் குதித்து அவன் முடியைப் பிடித்துத் தூக்கினான். சாமிநாதன் வாயைத் திறந்து கத்த, வாய்க்குள்ளிருந்து வெள்ளையாக வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அவன் இரண்டு கையாலும் கண்ணைப் பிய்க்கப் போனான், நான்கு பேர் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. ரோமம் அலசிக்கொண்டிருந்த அவன் மனைவி ராஜம்மாள் ஓடி வந்து, தன் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அவன் முகத்தில் வைத்தாள். எடுத்தபோது முந்தானையில் தோல் ஒட்டிக்கொண்டு வந்தது.

இரண்டு கண்ணும் போயிற்று. குடித்துவிட்டு விழுந்தான் என்று மேஸ்திரி சொன்னார். சாமிநாதன் குடிக்காதவன் என்பது ஷாப்பில் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலை முந்நூற்று நாற்பது பேரில் ஒருவரும் உள்ளே போகவில்லை. வேலை நேரம் குறைய வேண்டும், குழியில் இறங்குகிறவர்களுக்கு முழங்கால் பூட்ஸ் வேண்டும், சாமிநாதன் குடும்பத்துக்கு ஷாப்பு பொறுப்பேற்க வேண்டும் என்று முனீர் கேட்டான். முஸ்லிம் தொழிலாளிகள் அறுபது பேரும் வெளியே நின்றதுதான் முதலாளிகளுக்குப் பொறுக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி, முனீர் அல்லாவை மறந்தவன், அவன் வீட்டோடு கொடுக்கல் வாங்கல் கூடாது, சலாம் கூடாது, சாவுக்கும் யாரும் போகக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள்.

வேலைநிறுத்தத்தின் பத்தொன்பதாம் நாள் முனீரின் தாய் சுகரா பேகம் செத்துப்போனாள். குளிப்பாட்ட மஹ்பூபியைத் தவிர ஒரு பெண்ணும் வரவில்லை. மையத்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும். கண்ணில் கட்டோடு சாமிநாதன் வந்தான், பின்னால் சேரி ஆட்கள் ஆறு பேர். அவர்கள் மூன்று பக்கம் தோள் கொடுக்க, நான்காவது பக்கம் முனீர் குனிந்தபோது இன்னொரு கை அதைப் பிடித்தது. அமீர் பாஷா. செத்தது அவருடைய தங்கை. குழிக்காரர்களோடு தோளோடு தோளாகக் கபரஸ்தான் வரை நடந்தார். மண் போட்டு முடித்ததும் முனீரைத் தனியாக இழுத்தார்.

"நாளைக்கு லாரி வருது. வெளியூர் ஆளுங்க. நீ வீட்லயே இரு."

"சொல்லிட்டீங்க இல்ல மாமு, இனிமே எப்படி இருப்பேன்?"

"சுகரா பையன்னுதான்டா சொன்னேன்!"

"தெரியும்."

முனீர் அன்று மாலையே சங்கத்து ஆட்களிடம் சொல்லிவிட்டான். அடித்தால் அடி வாங்குங்கள், போலீஸ் வந்தால் அப்படியே தரையில் உட்காருங்கள், கல்லைத் தொடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னான். பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் சதை சீவும் கத்தியை மடியில் செருகிக்கொண்டு வந்தார்கள்.

லாரி காலை ஏழு மணிக்கு வந்தது. இரும்புப் பூண் போட்ட தடிகளோடு நாற்பது பேர் குதித்தார்கள். கேட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள்மேல் தடி விழுகிற சத்தம், நனைந்த தோலைக் கல்லில் அடிக்கிற சத்தம் போலவே இருந்தது. முனீரின் தோள் எலும்பு முறிந்தது. ஒரு கிழவரின் தாடை பெயர்ந்து தொங்கியது. பெண்கள் ஓடவில்லை. ராஜம்மாள் ஒருவனின் தடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு விடவேயில்லை, அவன் அவளைத் தரதரவென்று இழுத்தான். அப்போதுதான் மடியிலிருந்த கத்திகள் வெளியே வந்தன. இரண்டு பக்கமும் பிடியுள்ள அந்தக் கத்தி, தோலிலிருந்து சதையைச் சீவுவதற்கென்றே தீட்டப்பட்டது. ஓர் அடியாளின் கையில் விரல்கள் இல்லை. இன்னொருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் புரண்டான். அவன் அடியில் மண் கறுத்தது. மீதிப் பேர் லாரியை விட்டுவிட்டு ரயில் ரோட்டுப் பக்கம் ஓடினார்கள்.

ஜெயித்துவிட்ட கூட்டத்தை நிறுத்த முடியாது. ஐம்பது அறுபது பேர் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஷாப்புக்குள் போனார்கள். முனீர் சாமிநாதனையும் மிச்சமிருந்தவர்களையும் கேட்டருகில் உட்கார வைத்துக்கொண்டிருந்தான். ஒரு கை தொங்கியது, மறு கையால் ஒவ்வொருவர் தோளாக அழுத்தி உட்கார்த்தினான். ரோட்டுக் கோடியில் போலீஸ் லாரிகள் இரண்டு திரும்புவது தெரிந்தது. அதே நேரம் உள்ளேயிருந்து அமீர் பாஷாவின் குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. மாட்டைக் கட்டி அறுக்கும்போது வருகிற குரல்.

ராஜம்மாள் முனீரின் சட்டையைப் பிடித்தாள். "பாய், போவாதீங்க. இங்க இருங்க. போலீஸ் வருது, நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

"இதோ வந்துட்டேன்."

அவன் உள்ளே ஓடினான்.

குழி விளிம்பில் இரண்டு பேர் அமீர் பாஷாவை அக்குளில் பிடித்துத் தூக்கியிருந்தார்கள். சுற்றி நின்றவர்கள், சாமிநாதன் கண்ணுக்குக் கண்ணு, சாமிநாதன் கண்ணுக்குக் கண்ணு என்று கத்தினார்கள். முனீர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவதற்குள் அவரை விட்டுவிட்டார்கள். கிழவர் முதுகுப் பக்கமாக விழுந்து முழுகினார். முனீர் குதித்தான். மார்பளவு சுண்ணாம்பில் முறிந்த தோளோடு துழாவி, அவருடைய ஷெர்வானிக் காலரைப் பிடித்தான். மேலே இருந்து ஒரு கொக்கி வந்து அவன் நெற்றியைக் கிழித்தது. வேண்டுமென்றேயா தெரியாமலா என்று அவனுக்குக் கடைசி வரை தெரியாது. "தண்ணி! தண்ணி ஊத்துங்கடா!" என்று கத்தினான். யாரும் அசையவில்லை. கடைசியில் குழிக்காரன் ஒருவன், இருபது நாளைக்கு முன் சாமிநாதனுக்கு ஊற்றிய அதே குடத்தை எடுத்து வந்தான்.

கிழவரின் முகத்தில் இரண்டாவது குடம் விழும்போது கேட்டுப் பக்கம் துப்பாக்கி வெடித்தது. ஆறோ ஏழோ வெடி.

முனீர் வெளியே வந்தபோது உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. எழுந்து நின்றிருக்கிறார்கள், யாரோ கல் எறிந்திருக்கிறார்கள், மற்றது நடந்திருக்கிறது. செருப்புகள் கிடந்தன. மூன்று பேர் கிடந்தார்கள். ராஜம்மாளுக்குக் கழுத்தில் பட்டிருந்தது. அவள் பக்கத்தில் சாமிநாதன் மண்டியிட்டு, கையால் தரையைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தான். அவள் ஒரு முழம் தள்ளிக் கிடந்தாள். முனீர் அவன் கையைப் பிடித்து அவள்மேல் வைத்தான். அதே இடத்தில் போலீஸ் முனீரைக் கட்டினார்கள்.

வழக்கு வேலூரில் நடந்தது. கலகம் செய்யத் தூண்டினான், முதலாளியைக் கொல்லப் பார்த்தான் என்று குற்றச்சாட்டு. சாட்சிக் கூண்டில் நின்ற அமீர் பாஷாவின் கழுத்தும் ஒரு கன்னமும் வெந்து சுருங்கியிருந்தன. ஒரு கண் மட்டும் தப்பியிருந்தது.

"உங்களைத் தள்ளியது யார்?" என்று சர்க்கார் வக்கீல் கேட்டார்.

"பாக்கல."

"குழியிலிருந்து வெளியே தூக்கியது யார்?"

கிழவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு எரிஞ்சிக்கினு இருந்தது. பாக்கல."

முனீரின் வக்கீல் அவனிடம் மன்றாடினார். நீதான் அவரைக் குழியிலிருந்து தூக்கிக் காப்பாற்றினாய் என்று சொல், தப்பித்துவிடலாம் என்றார். சொன்னால் அடுத்த கேள்வி, தள்ளியவர்களைப் பார்த்தாயா என்பதுதான். பார்த்தவன் அவன். தள்ளிய இரண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை கிடைக்கும். முனீர் வாயைத் திறக்கவில்லை. ஐந்து வருஷம் கொடுத்தார்கள்.

வேலைநிறுத்தம் தோற்கவுமில்லை, முழுக்க ஜெயிக்கவுமில்லை. சுட்ட சங்கதி சென்னைப் பத்திரிகைகளில் வந்து, மூன்று மாதம் கழித்து முதலாளிகள் இறங்கி வந்தார்கள். ஒரு மணி நேரம் குறைந்தது. குழிக்காரர்களுக்குப் பூட்ஸ் வந்தது. சாமிநாதனுக்கு ஒன்றும் வரவில்லை. பதினொரு பேரை மறுபடி சேர்க்கவே இல்லை. அஃப்ஸர் ஜஹான் அதுவரை தெருவைக் கண்டறியாதவள். புர்காவை மாட்டிக்கொண்டு மஹ்பூபியோடு ரோமம் அலசுகிற பெண்கள் வீடு வீடாகப் போனாள். சேரியிலும் உட்கார்ந்து சாப்பிட்டாள். சாமிநாதனைத் தலைவராக வைத்துச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள்.

முனீர் சிறையில் தமிழ் எழுத்துப் படித்தான். பேசத் தெரிந்த பாஷைதான், எழுதத்தான் தெரியாமல் இருந்தது. உருதுவில் எழுதியதைக் குழிக்காரர்கள் யாரும் படிக்க முடியாது என்று நாற்பதை நெருங்கும் வயதில்தான் உறைத்தது. நோட்டில் இருந்ததையெல்லாம் தமிழில் மறுபடி எழுதினான். கடைசியாக, கேட்டில் நடந்த அந்தக் காலையைப் பற்றி எழுதப் பார்த்தான். முதலாளி ஒருவனைக் கொல்வதால் முதலாளித்தனம் சாகாது, தனி ஆளைப் பழிவாங்குவது தொழிலாளியைப் பின்னுக்குத் தள்ளும், அன்றைக்கு அமீர் பாஷா செத்திருந்தால் ஊரார் சேரியையே கொளுத்தியிருப்பார்கள் என்று நான்கு பக்கம் எழுதினான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. படித்துப் பார்த்துவிட்டு அந்த நான்கு பக்கத்தையும் கிழித்தான்.

தண்டனை முடியுமுன்பே 1938இல் விட்டார்கள். ஒரு வருஷம் ஆம்பூர் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. அஃப்ஸர் ஜஹான் மாதனூரில் ஒரு குடிசை பார்த்து வைத்திருந்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. மஹ்பூபி கையைப் பிடித்துச் சாமிநாதனை இறக்கினாள். நான்கு வருஷத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான், செம்பைக் கீழே வைத்தான்.

"உன்னை ஒண்ணு கேக்கணும்," என்றான். முனீரை அவன் நீ என்றது அதுதான் முதல் தடவை.

"கேளு."

"அன்னிக்கி நீ கேட்லயே நின்னிருந்தா ராஜம்மா இருந்திருப்பாளா?"

அஃப்ஸர் ஜஹான் அடுப்பை விட்டு எழுந்து வந்து நின்றாள்.

"இருந்திருப்பா," என்றான் முனீர். "நான் இருந்திருந்தா எழுந்திருக்க விட்டிருக்க மாட்டேன். என் சட்டையைப் பிடிச்சி சொன்னா, போவாதீங்கன்னு."

"அப்புறம் ஏன் போனே? சங்கத்துக்காகவா? கொலை கூடாதுன்னா?"

"அதெல்லாம் ஜெயில்ல உக்காந்து யோசிச்சது. அப்போ ஒண்ணும் யோசிக்கல. என்னை வளர்த்தவர் கத்தறார்னு ஓடினேன்."

சாமிநாதன் தலையைக் குனிந்துகொண்டான். தோள்கள் குலுங்கின. அந்தக் கண்களில் தண்ணீர் வர வழியில்லை. மஹ்பூபி அவன் முதுகில் கையை வைத்தாள். வண்டி மாடு வெளியே மணியை ஆட்டியது. சாமிநாதன் நிமிர்ந்தான்.

"வேற ஏதாவது சொல்லியிருந்தேன்னா வண்டி ஏறிப் போய்ட்டிருப்பேன்," என்றான். பிறகு, "பேர்ணாம்பட்டுல அலசற பொம்பளைங்க பதினேழு பேரை நிறுத்திட்டாங்க. சங்கத்துல சேர்ந்தாங்கன்னு. இன்னா பண்ணலாம்?" என்றான்.

பேசினார்கள். பொழுது சாய்கிற வரைக்கும் பேசினார்கள். கிளம்பும்போது முனீர் கை கொடுத்தான், சாமிநாதன் அதைத் தொடாமல் மஹ்பூபியின் கையைத் தேடி எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தான். வேலையைப் பற்றி மட்டும் பேசினான். எழுதி வைத்ததை முனீர் படிக்கக் கேட்டு, குழிக்காரனுக்குப் புரியாத வார்த்தை வந்தால் நிறுத்தி மாற்றச் சொன்னான்.

உத்தரவு முடிவதற்கு ஒரு மாதம் முன்னால் பேர்ணாம்பட்டுப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீஸ் தடியடியில் அஃப்ஸர் ஜஹானின் மணிக்கட்டு உடைந்தது. சேதி கேட்டு முனீர் உத்தரவை மீறி ஆம்பூர் வழியாகப் பேர்ணாம்பட்டுக்கு ஓடினான். ஆம்பூர் எல்லையிலேயே பிடித்து, விலாவில் மிதித்து, ஆறு மாதம் உள்ளே போட்டார்கள். பதினேழு பேரில் பதினாறு பேரை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள். விட்டுப்போன ஒருத்தி வஜீதா. அவளையும் எடுக்கிற வரைக்கும் கரை ஏறமாட்டோம் என்று மற்றப் பதினாறு பேரும் அலசிய ரோமத்தைக் கையில் பிடித்தபடி ஆற்றிலேயே நின்றார்கள். நாலாம் நாள் அவளையும் எடுத்தார்கள்.